கருவாதுமை என்றொரு மரம் இல்லை

அமெரிக்க மர வளர்ப்புக் கையேடு ஒன்றின் தமிழாக்கம் மெய்ப்புப் பார்க்க வந்தது. முதல் பக்கத்திலேயே ‘கருவாதுமை’. இந்த ஆண்டில் இச்சொல் என் மேசைக்கு வருவது நான்காவது முறை. பிளாக் வால்நட்டைச் சொல்கிறார்களாம்.

வால்நட் என்பதன் முன்பாதிக்குப் பழைய ஆங்கிலத்தில் ‘அயலான்’ என்று பொருள். வேல்ஸ் நாட்டின் பெயரும் அதே வேர்தான். வட அமெரிக்காவின் கிழக்கே மண்ணின் மரமாக நிற்கும் பிளாக் வால்நட்டுக்கும் குடியேறியவர்கள் அந்த அயலான் பெயரையே வைத்தார்கள். கருமை பட்டைக்கும் ஓட்டுக்கும் உரியது; பருப்பு கறுப்பில்லை.

வாதுமை என்றால் பாதாம். நாட்டு வாதுமை என்று இன்னொன்று உண்டு. பள்ளிக்கூட வாசலில் நாம் கல்லால் உடைத்துத் தின்றது. கருவாதுமை என்று படிப்பவர் இவற்றில் மூன்றாவது வகை என்றுதானே நினைப்பார்? மளிகைக் கடையில் அக்ரூட் என்று கேட்டால் மூளை மடிப்புப் போன்ற வால்நட் பருப்பைத் தவறாமல் எடுத்துத் தருகிறார்கள். ‘அக்ரூட் இந்தி, வாதுமை தமிழ்’ என்றார் மொழிபெயர்ப்பாளர். பாரசீகப் ‘பாதாம்’தான் ஐயா தமிழ் வேட்டி கட்டிக்கொண்டு வாதுமையாக நிற்கிறது! இரண்டும் இரவல் என்றான பின், குழப்பாத இரவலை எடுப்பதில் என்ன இழுக்கு? கருப்பு அக்ரூட் என்று எழுதினால் போதும்.

இது வெறும் சொல் சண்டையில்லை. கருப்பு அக்ரூட்டின் வேரிலும் இலையிலும் ஜுக்ளோன் என்ற நஞ்சு உண்டு. அருகில் வைத்த தக்காளிச் செடி வாடிச் சாகும். வாதுமை என்று நம்பியவர் பாதாமைப் பற்றித் தேடிப் படிப்பார். அங்கே இந்த எச்சரிக்கை கிடைக்காது.

அதே கையேட்டில் ‘நாற்று மரம்’ என்றும் இருந்தது. மூலத்தில் சொன்னது, ஒட்டுக் கட்டாமல் விதையிலிருந்து எழுந்த மரம். நமக்கு நாற்று என்றால் நாற்றங்காலில் விட்டுப் பறித்து நடுவது. கருப்பு அக்ரூட்டோ முதலாண்டிலேயே ஆணிவேரை ஆழ இறக்கிவிடும். பறித்தால் வேர் அறும். அதனால்தான் மூன்று நான்கு மாதம் குளிரில் ஈர மணலுக்குள் கிடந்த கொட்டையை, மரம் நிற்க வேண்டிய இடத்திலேயே ஊன்றுகிறார்கள். அகராதியைப் புரட்டியவர், மாங்கன்று விற்பவரிடம் ஒரு முறை போயிருக்கலாம். “ஒட்டுக்கன்றா, விதைக்கன்றா?” என்றுதான் அவர் முதலில் கேட்டிருப்பார்.