ஆட்டோ இம்யூன்: தன்னுடல் தாக்குநோய்

வடசென்னையின் ஸ்டான்லி மருத்துவமனைக்குப் போய்வருகிறவர்கள் சீட்டைக் காட்டி அர்த்தம் கேட்கிற சொற்களில் ‘ஆட்டோ இம்யூன்’ அடிக்கடி வருகிறது. வண்ணாரப்பேட்டையிலும் ராயபுரத்திலும் இதற்குச் சட்டென்று கிடைக்கிற பதில், “எதிர்ப்புச் சக்தி கொறஞ்சுபோச்சாம்” என்பது. இது தவறு. குறையவில்லை, திசை மாறிவிட்டது. இந்தத் தவறான விளக்கத்தை நம்பிச் சத்துமாவும் கஷாயமுமே போதும் என்று மாதக்கணக்கில் மருந்தைத் தள்ளிப்போடுகிறவர்களை நினைத்தால் மனம் பதறுகிறது. மூட்டைத் தாக்கும் வகையாக இருந்தால் அதற்குள் மூட்டு அரித்துவிடும். அரித்த மூட்டு பழைய நிலைக்குத் திரும்பாது.

‘ஆட்டோ’ கிரேக்கச் சொல். ‘தன்’ என்று பொருள். ‘இம்யூன்’ என்பதன் மூலம் ‘இம்யூனிஸ்’ என்ற இலத்தீன் சொல். ரோமாபுரியில் வரியிலிருந்தும் பொதுக் கடமைகளிலிருந்தும் விலக்குப் பெற்றவனுக்கு அந்தப் பெயர். வரிக்கு விலக்கு என்றிருந்த சொல்தான் பின்னாளில் நோய்க்கு விலக்கு என்று ஆனது. கிருமியைத் தடுக்க வேண்டிய காவல் தன் உடலின் திசுவையே அந்நியம் என்று எண்ணித் தாக்குவதே ஆட்டோ இம்யூன் நோய். உடல் தன்னைத்தானே தாக்கிக்கொள்ளத் துணியாது என்று இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மன் மருத்துவ அறிஞர் பால் எர்லிக் கருதினார். அந்த எண்ணத்தின் செல்வாக்கு நெடுங்காலம் நீடித்தது. 1956 வாக்கில் தைராய்டு சுரப்பியை வைத்து நடந்த ஆய்வுகள் அதைத் தகர்த்தன.

தமிழில் என்ன சொல்வது? பள்ளிப் பாடநூல் ‘தடைக்காப்பு’ என்ற சொல்லைக் கொண்டு ‘சுய தடைக்காப்பு நோய்’ என்கிறது. துல்லியம்தான். ஆனால் காதில் விழும்போது தன்னைத்தானே காத்துக்கொள்வது போல ஒலிக்கிறது. ‘தன்னெதிர்ப்பு நோய்’ சுருக்கமானது. என் தேர்வு ‘தன்னுடல் தாக்குநோய்’. நீளம் கொஞ்சம் கூடுதல் என்றாலும், யார் யாரைத் தாக்குகிறார்கள் என்பது அதில் தெரிந்துவிடுகிறது.

இந்த வகை நோய்களில் மூட்டுக்கு வருவது ருமாட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ். கிரேக்கத்தில் ‘ரியூமா’ என்றால் ஒழுக்கு. கெட்ட நீர் ஒழுகி மூட்டில் இறங்குவதாக அக்காலத்தில் நம்பினார்கள். ‘ஆர்த்ரான்’ மூட்டு, ‘ஐட்டிஸ்’ அழற்சி, அதாவது வீக்கமும் வலியும். 1859இல் இந்தப் பெயரை வைத்தவர் லண்டன் மருத்துவர் ஆல்ஃபிரட் கேரட். தமிழில் இதற்கு வழங்குவது முடக்குவாதம். வாதம் என்பது வளி, அதாவது காற்று. கீல்வாதம் என்பது மூட்டுநோய்களுக்குப் பொதுப்பெயர்; கதவுக்கீலில் இருக்கும் அதே கீல்தான் இது. முடக்குவாதத்தைப் பக்கவாதத்தோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. பக்கவாதம் மூளை ரத்தக்குழாய் சம்பந்தப்பட்ட வேறு நோய்.

‘முடக்கு’ என்ற சொல்லின் பொருத்தத்தை எங்கள் தெருமுனையில் பூக்கட்டும் அக்காவின் கையில் பார்த்தேன். இரண்டு கையிலும் விரல் அடிமூட்டுகள் ஒரே மாதிரி வீங்கியிருந்தன. நாரைச் சுண்டி இழுத்து முடிச்சுப்போட வேண்டிய கட்டைவிரல் பாதியில் நின்றது. “காத்தால எழுந்தா வெரலு மடங்கல. டீ கிளாஸக்கூடப் புடிக்க முடியல. பத்து மணிக்கு மேலதான் கை நம்ம பேச்சு கேக்குது” என்றார். வயதானவர்களின் முழங்கால் தேய்மானத்திலும் எழுந்தவுடன் கொஞ்சம் விறைப்பு இருக்கும், ஆனால் பெரும்பாலும் அரைமணி நேரத்துக்குள் விட்டுவிடும். ஒரு மணி நேரத்துக்கு மேல் நீள்வதும், இரு கைகளிலும் சிறு மூட்டுகளைப் பிடிப்பதும் முடக்குவாதத்தின் அடையாளங்கள்.

மருந்து ஆராய்ச்சியில் மறக்கக் கூடாத இருவர் மார்க் ஃபெல்ட்மன், ரவீந்தர் மைனி. மைனி பிறந்தது லூதியானாவில். நோயாளிகளின் மூட்டுச் சவ்வைச் சோதனைச்சாலையில் வளர்த்துப் பார்த்தபோது, டிஎன்எஃப் என்ற ஒரு புரதத்தைத் தடுத்தால் அழற்சியைத் தூண்டும் மற்றப் புரதங்களும் அடங்குவதை அவர்கள் குழு கண்டது. 1992இல் லண்டன் சேரிங் கிராஸ் மருத்துவமனையில் 20 நோயாளிகளுக்கு டிஎன்எஃபைத் தடுக்கும் மருந்தைக் கொடுத்தார்கள். வீக்கமும் வலியும் நன்றாகக் குறைந்தன. மருந்தின் வேகம் தீர்ந்ததும் நோய் திரும்பியது. ஆக, இது நோயை அடக்கும் மருந்து, வேரோடு எடுக்கும் மருந்தல்ல. இருவருக்கும் 2003இல் லாஸ்கர் விருது கிடைத்தது. இன்ஃப்ளிக்சிமாப், அடலிமுமாப் என்று சீட்டில் வரும் இவ்வகை ஊசிமருந்துப் பெயர்களின் கடைசி ‘மாப்’, ஒரே வகை எதிர்ப்பொருளால் (ஆன்டிபாடி) ஆன மருந்து என்பதற்கான குறி.

டிஎன்எஃபைத் தடுக்கும் இந்த ஊசிக்கு முன் காசநோய்ச் சோதனை கேட்பார்கள். உடலுக்குள் உறங்கும் காசக் கிருமியைக் கட்டிவைத்திருப்பதும் அதே டிஎன்எஃப்தான்; அதைத் தடுத்தால் கட்டு அவிழும். வீட்டோடு வீடு ஒட்டிய நம் பகுதியில், எப்போதோ வீட்டில் யாருக்காவது காசம் இருந்திருந்தால் மருத்துவர் கேட்கும் முன்பே சொல்லிவிடுங்கள். முடக்குவாதத்துக்குப் பெரும்பாலும் முதலில் தருகிற மெத்தோட்ரெக்சேட் மாத்திரை வாரத்துக்கு ஒரு நாள்தான். தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. எந்தக் கிழமை என்பதை அட்டை மேலேயே தமிழில் எழுதித் தரச் சொல்லிக் கேட்டு வாங்குங்கள்.