மோலி மீனுக்கு கேன் தண்ணீர் ஊற்றாதீர்கள்

மதுரையில் வீடுகளுக்கும் கடைகளுக்கும் போய் மீன் தொட்டி பராமரித்துக் கொடுப்பது என் வேலை. "வாங்கின வாரத்திலேயே மோலி எல்லாம் செத்துப்போச்சு, கடையில நோஞ்சான் மீனைக் கொடுத்துட்டாங்க" என்று கூப்பிடுகிறவர்களிடம் முதலில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்பேன். "நாங்க குடிக்கிற கேன் தண்ணிதான் சார், டிடிஎஸ் அறுபதுக்கு மேல போகாது" என்று பெருமையாகச் சொல்வார்கள். டிடிஎஸ் என்பது தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பு, தாதுக்களின் அளவு. கோளாறே அங்கேதான்.

மோலியின் பூர்வீகம் மெக்சிகோவும் மத்திய அமெரிக்காவும். ஆறு கடலில் கலக்கும் இடங்களிலும் கடலோர உப்பங்கழிகளிலும்கூட வாழ்கிற மீன். கால்சியமும் மெக்னீசியமும் நிறைந்த கடினநீர் அதன் உடம்புக்கு வேண்டும், பிஎச் 7.5 முதல் 8.5 வரை இருக்கலாம். கேன் தண்ணீரைச் சுத்திகரிக்கிற ஆர்ஓ இயந்திரமோ அந்தத் தாதுக்களைத்தான் பெரும்பாலும் வடித்தெடுத்துவிடுகிறது. அப்படிப்பட்ட நீரில் விட்ட மோலி, துடுப்பை ஒடுக்கிக்கொண்டு நின்ற இடத்திலேயே உடம்பை நெளித்துக்கொண்டிருக்கும். டான்ஸ் ஆடுகிறது என்று பிள்ளைகள் கைதட்டுவார்கள். குளிரிலும் அம்மோனியா ஏறினாலும் இதே அறிகுறி வரும் என்றாலும், நம் ஊரில் நான் முதலில் சந்தேகப்படுவது தண்ணீரைத்தான். இதை நோய் என்று நினைத்து மீன் கடையில் நீல மருந்து வாங்கி ஊற்றுவது வீண்.

உப்புத்தண்ணி என்று நாம் பாத்திரம் கழுவ ஒதுக்குகிறோமே, வாளி விளிம்பில் வெள்ளையாகப் படிகிற போர் தண்ணீர், அது மோலிக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஆனால் எல்லாத் தெருவிலும் போர் தண்ணீர் ஒரே மாதிரி இல்லை. டிடிஎஸ் மீட்டர் கரைந்திருப்பதன் மொத்த அளவைத்தான் காட்டும், கடினத்தன்மையைத் தனியாகக் காட்டாது. அதற்கென்று டெஸ்ட் ஸ்டிரிப் விற்கிறார்கள், ஒருமுறை பார்த்துவிடுங்கள். மாநகராட்சிக் குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஆன்டி குளோரின் விடுங்கள், அல்லது ஏர் பம்ப் போட்டு ஒரு நாள் வைத்திருங்கள். கேன் தண்ணீரைத் தவிர வேறு வழியில்லையா? கழுவிய கிளிஞ்சல்களைப் பில்டருக்குள் போட்டு வையுங்கள், மெல்ல மெல்லக் கரைந்து கடினத்தன்மை கூடும். கல் உப்பு அந்த வேலையைச் செய்யாது. அப்புறம், தண்ணீரை ஒரே நாளில் மாற்றிவிடாதீர்கள். வாரத்துக்குக் கால் பங்கு போதும்.

கடினநீரிலும் ஒரு கண்ணி உண்டு. பிஎச் கூடக்கூட, மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவின் நஞ்சும் கூடும். அதைத் தின்று தீர்க்கிற பாக்டீரியா புதுத் தொட்டியில் வளர நாலு முதல் ஆறு வாரம் பிடிக்கும். அதற்குள் பத்து மீனைக் கொட்டினால் எந்தத் தண்ணீரும் காப்பாற்றாது. பளபளவென்று இருக்க வேண்டும் என்று பில்டர் பஞ்சை குளோரின் தண்ணீரில் அலசுகிறவர்கள், அந்த பாக்டீரியாவையும் சேர்த்துக் கொன்றுவிடுகிறார்கள். தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே அலசினால் போதும். நம் ஊருக்கு ஹீட்டர் பெரும்பாலும் தேவைப்படாது. சித்திரை வெயிலில் மொட்டைமாடி டேங்க் தண்ணீரை மத்தியானம் அப்படியே ஊற்றாமல் இருந்தால் சரி.

தண்ணீர் சரியாகிவிட்டால் இனப்பெருக்கத்துக்கு யாரும் மெனக்கெட வேண்டாம். மோலி முட்டையிடாது, குட்டி போடும். ஏறக்குறைய நாலு முதல் ஆறு வாரத்துக்கு ஒரு ஈடு. சில ஈட்டில் இருபது, சில ஈட்டில் ஐம்பதுக்கு மேல். ஓர் ஆணுக்கு இரண்டு மூன்று பெண் வையுங்கள், இல்லையென்றால் ஆண் துரத்தியே பெண்ணை ஓய்த்துவிடும். அடித்துடுப்பு குச்சி போல ஒடுங்கியிருந்தால் ஆண், விசிறி போல விரிந்திருந்தால் பெண்.

சினை மீனைக் கடைசி நேரத்தில் பிடித்து பிரீடிங் பாக்ஸில், அதாவது குட்டி போடுவதற்கான சின்னப் பெட்டியில், அடைப்பது எனக்குப் பிடிக்காது. மிரண்டுபோய்க் குறைமாதக் குட்டிகளை உதிர்த்துவிடும். தொட்டியிலேயே ஜாவா பாசி என்கிற செடியை அடர்த்தியாக விடுங்கள், குட்டிகள் அதற்குள் ஒளிந்துகொள்ளும். பெரிய மீன்கள் கொஞ்சம் குட்டிகளைத் தின்னும், மிச்சம் தப்பும். அதுவும் நல்லதுக்குத்தான், அத்தனையும் பிழைத்தால் எங்கே வைப்பது? குட்டிகளுக்குப் பொடித்த தீவனம் கொஞ்சங்கொஞ்சமாக, ஒரு நாளைக்கு மூன்று நாலு வேளை கொடுங்கள். மஞ்சள் கருவைக் கரைத்து ஊற்றினால் தண்ணீர் கெட்டு நாறும்.

மிஞ்சின மீனைத் தெப்பக்குளத்திலோ, வைகையிலோ, பக்கத்துக் கண்மாயிலோ விடுகிறவர்கள் புண்ணியம் சேர்ப்பதாக நினைக்கிறார்கள். உப்போ, சூடோ, ஆக்சிஜன் குறைந்த அழுக்குத் தண்ணீரோ, இதையெல்லாம் தாங்கிப் பெருகிவிடும் மீன் இது. கண்மாயில் இருக்கிற சின்ன மீன்களின் இரைக்குப் போட்டியாகும், தொட்டி நோயையும் கொண்டுபோகும். பிறகு அயிரை கிடைக்கவில்லை என்று நாம்தான் புலம்புவோம். வேண்டாத மீனை வண்ணமீன் கடையில் கேட்டுப் பாருங்கள், வாங்கிக்கொள்கிற கடைகள் உண்டு.

குட்டியே வேண்டாம் என்று பெண் மீனை மட்டும் வாங்கினாலும் தப்பிக்க முடியாது. ஒருமுறை ஆணோடு சேர்ந்த பெண், விந்தணுவை உடம்பில் சேமித்து வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் குட்டி போடும். கடைத்தொட்டியில் இரண்டும் கலந்துதானே கிடக்கின்றன? ஆண்களை மட்டும் வாங்குங்கள். கொஞ்சம் சண்டை இருக்கும், செடியும் மறைவிடமும் கூடுதலாக வைத்தால் அடங்கும்.