மீன் நகரில் ஒரு பாலைவனக் குட்டி

திருகோணமலையில் பூனைக்குட்டி ஒன்று வீட்டுக்கு வந்தால், முதலில் அதன் முன் வைக்கப்படுவது ஒரு சிரட்டைப் பால். அடுத்த வேளை, மீன் தலையைப் பிசைந்த சோறு. விடியற்காலையில் திருக்கடலூர்க் கரையில் வலை உதறும்போது சுற்றி நிற்கும் பூனைகளைப் பார்த்து வளர்ந்த நமக்கு, பூனையும் மீனும் ஒன்றுக்காக ஒன்று படைக்கப்பட்டவை போலத் தோன்றுவதில் வியப்பில்லை. ஆனால் பூனையின் உடல் கடற்கரையில் உருவானதன்று. வீட்டுப்பூனைகள் யாவும் மேற்காசியாவின் வறண்ட நிலங்களில் வாழ்ந்த காட்டுப்பூனையின் வழிவந்தவை என்பதை 2007 ஆம் ஆண்டு வெளிவந்த மரபணு ஆய்வொன்று காட்டியது. எலியையும் குருவியையும் பிடித்துத் தின்று, தண்ணீரை அரிதாகவே கண்டு வாழ்ந்த அந்த விலங்கின் குடலும் சிறுநீரகமும் ஈரலுமே இன்று நம் அடுப்படியில் சுருண்டு கிடக்கும் குட்டிக்கும் வாய்த்திருக்கின்றன. குட்டி வளர்ப்பில் நேரும் பிழைகளிற் பெரும்பாலானவை இதை மறப்பதனால் வருபவை.

சென்ற மாரியில் எங்கள் வீட்டுக் கோடிப்புறத்தில், தேங்காய் மட்டைக் குவியலுக்குள் நனைந்து கத்திக்கொண்டிருந்த குட்டியொன்றை எடுத்துவந்தோம். சமையலறைத் தராசில் அதன் நிறை 390 கிராம். பிறக்கும்போது ஏறக்குறைய 100 கிராம் இருக்கும் குட்டி வாரத்துக்கு அண்ணளவாக 70 முதல் 100 கிராம் கூடும் என்பதால், நிறையைக் கொண்டு வயதை ஓரளவு கணிக்கலாம். வாயைத் திறந்து பார்த்தபோது முன்பற்களும் ஊசிபோன்ற கோரைப்பற்களும் வந்திருந்தன. கடைவாய்ப் பக்கம் ஈறு மட்டுமே இருந்தது. கண்கள் இன்னும் நீலம். இவை மூன்றும் சேர்ந்து அதன் வயது நான்கு வாரம் என்றன.

வீட்டிலிருந்தோர் உடனே பாலைச் சூடாக்கினர். அதைத் தடுக்க நான் பட்ட பாடு வேறு கதை. குளிர்ந்துபோன குட்டிக்கு எதையும் ஊட்டக்கூடாது. முதல் மூன்று நான்கு வாரங்களில் குட்டியால் தன் உடல் வெப்பத்தைத் தானே காத்துக்கொள்ள முடியாது. உடல் குளிர்ந்தால் குடலின் அசைவும் நின்றுவிடும். உள்ளே போன உணவு செரிக்காமல் தேங்கிப் புளிக்கும். எனவே முதலில் சூடு, பிறகுதான் தீனி. வெந்நீர் நிரப்பிய போத்தலைப் பழைய சாரத்தில் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு மூலையில் மட்டும் வைத்தோம். சூடு மிஞ்சினால் குட்டி விலகிப்போக மறுமூலை வெறுமையாக இருக்கவேண்டும். ஊட்டும்போது கைக்குழந்தையைப் போல மல்லாக்கப் பிடிக்காமல், தாய்மடியில் கிடப்பதுபோலக் குப்புறவே வைக்கவேண்டும். இல்லையேல் பால் சுவாசப்பைக்குள் இறங்கிவிடும்.

பசுப்பால் ஏன் ஆகாது? பூனைப்பாலில் இருக்கும் புரதம் பசுப்பாலில் உள்ளதைப் போல இருமடங்குக்கும் மேல்; ஆகவே பசுப்பாலில் வயிறு நிறையுமே தவிர வளர்ச்சிக்கு அது போதாது. போதாமை ஒருபுறமிருக்க, பால் குடிக்கும் பருவம் கழியக் கழியப் பாற்சர்க்கரையைச் செரிக்கும் நொதியம் குட்டியின் குடலில் குறைந்துவிடும். செரிக்காத சர்க்கரை பெருங்குடலுக்குள் நீரை இழுக்க, கழிச்சல் தொடங்கும். அரைக் கிலோ கூட இல்லாத உடலுக்கு ஒரு நாள் கழிச்சலே உயிராபத்து. மிருக வைத்தியரிடம் கேட்டுப் பூனைக்குட்டிகளுக்கென்று விற்கும் பால்மாவை வாங்குவதே வழி. நான்கு வாரத்திலிருந்து அதனுடன் மென்மையான இறைச்சிக் கூழைச் சேர்க்கலாம். எட்டு வாரத்தில் பால் தேவையில்லை.

இனி மீன்சோற்றின் கணக்கு. பூனை எலியை முழுதாகத் தின்கிறது: சதை, ஈரல், இதயம், எலும்பு எல்லாம் சேர்ந்துதான் அதன் உணவு. நாம் கொடுப்பதோ முள் நீக்கிய சதையும் சோறும். சதையில் பொசுபரசு மிகுதி, கல்சியம் மிகக் குறைவு. குருதியில் கல்சியம் இறங்கியதும் கழுத்திலுள்ள பாராதைரொயிட்டுச் சுரப்பி விழித்துக்கொண்டு, எலும்பிலிருந்து கல்சியத்தைக் கரைத்து எடுக்கும். வளரும் குட்டியில் இது சில வாரங்களிலேயே தெரியும்: கதிரையிலிருந்து குதிக்கத் தயங்கும், நொண்டும், ஒருநாள் சிறு குதிப்பில் கால் முறியும். சூடை முதலிய ஹெரிங் குடும்ப மீன்கள் பலவற்றின் பச்சை உடலில் தயமின் என்ற பி1 விற்றமினைச் சிதைக்கும் நொதியமும் உண்டு. பச்சை மீனையே நாளும் தின்னும் பூனை தலை தொங்கித் தள்ளாடுவது இதனால்தான். அவித்தால் அந்த நொதியம் அழிந்துவிடும்.

அவிப்பதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. டோரின் என்ற பொருளைப் பெரும்பாலான பாலூட்டிகள் தம் உடலிலேயே வேண்டிய அளவு ஆக்கிக்கொள்ள, பூனையோ அதை இறைச்சியிலிருந்தே பெறவேண்டும். அது இல்லாமற் போனால் விழித்திரை சிதையும் என்பது 1975 இலும், இதயத் தசை தளர்ந்து விரியும் என்பது 1987 இலும் கண்டறியப்பட்டன. டோரின் நீரில் கரையக்கூடியது. மீனை அவித்த தண்ணீரை வடித்து ஊற்றும்போது அதில் ஒரு பங்கு பீலியால் போய்விடுகிறது. அந்தத் தண்ணீரைத் தீனியிலேயே கலப்பது நல்லது. என்றாலும் வளரும் குட்டிக்கு வீட்டுச் சமையலை மட்டும் நம்புவதை நான் பரிந்துரைக்கமாட்டேன். குட்டிகளுக்கென்று சமன் செய்யப்பட்ட உணவே முதன்மையாக இருக்கட்டும்; வெங்காயமும் உப்பும் மிளகாயும் படாத அவித்த மீன் இடைக்கிடை ஆசைக்கு.

தண்ணீரிலும் பாலைவனம் தொடர்கிறது. எலியின் உடலில் ஏறக்குறைய 70 வீதம் நீர்; இரையிலிருந்தே நீரைப் பெற்றுச் சிறுநீரைக் கடுமையாகச் செறிவாக்கிப் பழகிய பூனைக்குத் தாக உணர்வு குறைவு. பத்து வீதமளவே ஈரமுள்ள உலர் உணவை உண்ணும்போதும் அது அந்தக் குறையை முழுதாகக் குடித்து ஈடுசெய்வதில்லை. கச்சான் காற்று வீசி ஊரே காயும் மாதங்களில் உலர் உணவை நீரில் ஊறவைத்துக் கொடுப்பதும், தண்ணீர்க் கோப்பையைத் தீனித் தட்டிலிருந்து தள்ளி வைப்பதும் உதவும். நாய் வாய் திறந்து மூச்சிரைப்பது இயல்பு. பூனைக்குட்டி ஓய்வாக இருக்கும்போது அப்படிச் செய்தால் வைத்தியரிடம் ஓடவேண்டிய நேரம்.

மலங்கழிக்கப் பழக்குவது மட்டும் வியக்கத்தக்க எளிமை. முதல் மூன்று வாரம் தாய் நக்கித் தூண்டினால்தான் குட்டி சிறுநீரும் மலமும் கழிக்கும். தாயற்ற குட்டிக்கு நாம் வெதுவெதுப்பான ஈரப் பஞ்சால் தடவிவிட வேண்டும். அதன்பின் இளகிய மண்ணைக் கண்டால் தோண்டும் இயல்பு தானாக எழுகிறது. எங்கள் குட்டிக்கு நாங்கள் எதையும் கற்பிக்கவில்லை. விளிம்பு தாழ்ந்த தட்டில் ஆற்றுமணலைப் பரப்பி வைத்த அன்று, அது ஒரு காலை மணலில் வைத்து உதறி, மறுபடி வைத்து, இரண்டு கையாலும் வறட்டு வறட்டென்று குழி பறித்தது. குழியைத் தவறவிட்டு அருகில் இருந்துவிட்டு, வெறும் குழியை மிகுந்த அக்கறையுடன் மூடியது. கடல்மணலே கிடைத்தால் நன்கு கழுவி உப்பைப் போக்கவேண்டும். காலில் ஒட்டியதைப் பூனை நக்கித்தான் துடைக்கும்.

உடலுக்கு உணவு போல மூளைக்கு அனுபவம். குட்டியின் ஒரு கண்ணைப் பிறந்த முதல் மாதங்களில் மூடிவைத்தால், பின்னர் திறந்தாலும் அந்தக் கண்ணால் மூளை பார்க்கக் கற்பதில்லை என்பதை நரம்பியல் ஆய்வாளர்களான ஹியூபலும் வீசலும் காட்டினர். 1981 இல் அவர்களுக்குக் கிடைத்த நோபல் பரிசில் இந்த ஆய்வுக்கும் பங்குண்டு. பழகும் தன்மைக்கும் இப்படியொரு காலவாயில் இருக்கிறது. இரண்டாம் வாரத்திலிருந்து ஏறக்குறைய ஏழாம் வாரம் வரை பலருடைய கைகளில் அன்பாகத் தவழ்ந்த குட்டி மனிதரை அஞ்சாது வளரும். இதற்காகத் தாயிடமிருந்து சீக்கிரம் பிரித்துவிடக் கூடாது. எவ்வளவு கடித்தால் மற்றதற்கு நோகும் என்பதைக் குட்டி உடன்பிறப்புகளுடன் உருண்டு பிரண்டுதான் கற்கிறது. எட்டு வாரத்துக்கு முன் பிரிப்பது தவறு. பன்னிரண்டு வாரம் பொறுத்தால் மேலும் நன்று. தனியாக வந்த குட்டியுடன் விரலை ஆட்டி விளையாடாமல், கயிற்று நுனியில் துணித்துண்டைக் கட்டி இழுத்து விளையாடவேண்டும். இன்று சிரிப்பாக இருக்கும் கடி ஆறு மாதத்தில் ரத்தம் காணும்.

தடுப்பூசியை ஏன் திரும்பத் திரும்பப் போடுகிறார்கள் என்று பலர் கேட்பதுண்டு. பிறந்த முதல் நாளில் குடித்த சீம்பாலின் எதிர்ப்பொருட்கள் குட்டியைக் காக்கின்றன. அவையே தடுப்பூசியையும் எதிரியென்று எண்ணிச் செயலிழக்கச் செய்கின்றன. அந்தக் கவசம் எந்த வாரத்தில் தேயும் என்பது குட்டிக்குக் குட்டி வேறுபடுவதால், ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, பதினாறு வாரம் வரை மூன்று நான்கு வாரத்துக்கு ஒருமுறை போடுகிறார்கள். விசர்நோய் நம் நாட்டில் இன்னும் ஒழியாததால், மூன்று மாதம் ஆனதும் அதற்கான ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. குடற்புழு தாய்ப்பாலினூடாகவே தொற்றுவதால், பூச்சி மருந்து அதற்கு முன்னரே தொடங்கிவிடும்.

மருந்து என்றதும் ஓர் எச்சரிக்கை. தாவர நஞ்சுகளை உடைக்க உதவும் ஈரல் நொதியமொன்றை, இறைச்சியை மட்டுமே தின்று வாழ்ந்த பூனையின் இனம் இழந்துவிட்டது. அதனால் நம் வீடுகளில் எல்லாக் காய்ச்சலுக்கும் விழுங்கும் பரசிட்டமோல் பூனைக்கு நஞ்சு; ஒரு வில்லையே கொல்லப் போதும். நாய்க்குத் தெள்ளுக்காகப் பூசும் பெர்மெத்ரின் மருந்தும் அவ்வாறே. சோம்பிக் கிடக்கும் குட்டிக்குக் கால் வில்லையைக் கரைத்துக் கொடுத்த அன்புக் கைகளை நான் அறிவேன்.

கடைசியாக ஒரு நாட்கணக்கு. பகல் நீளும்போது இனப்பெருக்கத்துக்குத் தயாராவது பெண்பூனையின் இயல்பு. குளிர் நாடுகளில் இதற்கொரு பருவம் உண்டு. நிலநடுக்கோட்டுக்கு அருகில், பகலும் இரவும் ஆண்டு முழுதும் ஏறக்குறைய சமமாக இருக்கும் திருகோணமலையில், எந்த மாதமும் பருவமே. நான்கு மாதக் குட்டியே கருத்தரிக்கக்கூடும். ஒன்பது வாரத்தில் ஈனும். எங்கள் குட்டிக்குக் கருத்தடைச் சத்திரசிகிச்சை ஐந்தாம் மாதம் நடந்தது. அன்று மாலையே அது பூச்சட்டியில் மண் தோண்டிக்கொண்டிருந்தது.