ரெக்கரண்ட் லாரிஞ்சியல் நரம்பு: சொல் விளக்கம்

கழுத்தை முன்பக்கமாகத் திறந்து முதுகெலும்புகளுக்கு இடையிலுள்ள டிஸ்க்கை எடுக்கும் அறுவைக்கு முன், "கொஞ்ச நாள் குரல் கம்மலாம்" என்று மருத்துவர் சொல்லிவைப்பார். அப்போது அவர் மனதில் இருப்பது பெரும்பாலும் குரல்நாண்களை அசைக்கும் இந்த நரம்புதான்.

லத்தீனில் 'ரெகுரெரே' என்றால் திரும்பி ஓடுதல். லாரிங்ஸ் கிரேக்கச் சொல், நமக்குக் குரல்வளை. வேகஸ் நரம்பு மூளையிலிருந்து கழுத்து வழியே கீழே இறங்குகிறது. அதிலிருந்து பிரியும் இடக்கிளை மார்புக்குள் பெருந்தமனி வளைவையும், வலக்கிளை கழுத்தின் அடியில், கைக்கு ரத்தம் கொண்டுபோகும் சப்கிளேவியன் தமனியையும் சுற்றிக்கொண்டு மறுபடி மேலேறிக் குரல்வளைக்கு வருகின்றன. கருவில் இதயம் கீழிறங்கும்போது அந்த ரத்தக்குழாய்கள் நரம்பையும் கூடவே இழுத்துப் போவதால் வந்த சுற்று இது. 2ஆம் நூற்றாண்டில் ரோமில் கேலன் என்ற மருத்துவர் ஒரு பன்றிக்கு இந்த நரம்பைக் கட்டியதும் அதன் அலறல் நின்றுபோனது.

கழுத்து டிஸ்க்கை முன்பக்கமாக அணுக, ராபின்சன், ஸ்மித் என்ற அறுவை மருத்துவர்கள் 1955இல் எழுதிய முன்வழி முறைதான் இன்றும் அடிப்படை. தலைக்கு ரத்தம் கொண்டுபோகும் கரோட்டிட் தமனியை வெளிப்பக்கமும், மூச்சுக்குழாயையும் உணவுக்குழாயையும் உட்பக்கமும் ஒதுக்கினால் முதுகெலும்பு தெரியும். இந்த நரம்பு ஏறிவருவதோ அந்த இரண்டு குழாய்களுக்கும் இடையிலுள்ள பள்ளத்தில். ஒதுக்கிப் பிடிக்கும் கருவியான ரிட்ராக்டர் நெடுநேரம் அழுத்தினாலே அது சோர்ந்துவிடலாம். இடக்கிளை நீளமானது, பள்ளத்தோடு ஒட்டி நேராக ஏறும். வலக்கிளை சாய்வாக வரும். அதனால் இடப்பக்கமே பாதுகாப்பு என்பவர்கள் உண்டு. வலக்கைப் பழக்கமுள்ள மருத்துவர்கள் பலர் வலப்பக்கத்தையே தேர்கிறார்கள்.

பக்கத்தைவிட முக்கியமான ஒன்று: கழுத்தில் ஏற்கெனவே அறுவை நடந்திருந்தால், தைராய்டு அறுவையானாலும் சரி, முதலில் குரல்நாண்களைப் பார்த்துவிட வேண்டும். ஒரு நாண் செயலிழந்திருந்தால் அந்தப் பக்கமாகவே நுழைவார்கள். நல்ல பக்கத்தில் நுழைந்து அதுவும் பழுதானால் குரல் மட்டுமல்ல, மூச்சே அடைபடலாம். குரல் தெளிவாக இருக்கிறதே என்று இந்தச் சோதனையை விடக்கூடாது. ஒரு நாண் செயலிழந்தும் நன்றாகப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள்.

சரி, தமிழில் என்ன சொல்லலாம்? 'மீள்குரல்வளை நரம்பு' என்று எழுதலாம். ஆனால் மீள்பதிப்பு, மீள்தேர்வு என்று பழகிய நமக்கு 'மீள்' என்றதும் 'மறுபடியும்' என்றே தோன்றும். இங்கே எதுவும் மறுபடி நடக்கவில்லை. நரம்பு போன வழியே திரும்புகிறது. 'திரும்பு குரல்வளை நரம்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. இன்னொரு வசதியும் உண்டு. நூற்றில் ஒருவருக்கும் குறைவாக, வலப்பக்க சப்கிளேவியன் தமனி இடம் மாறிப் பிறந்திருக்கும். அவர்களுக்கு வலக்கிளை எதையும் சுற்றாமல் வேகஸிலிருந்து குறுக்கே நேராகக் குரல்வளைக்குப் போய்விடும். அறுவை மருத்துவர் எதிர்பாராத பாதை அது. அதை 'மீளா' நரம்பு என்றால் மீளாத் துயில்தான் நினைவுக்கு வரும். 'திரும்பாக் குரல்வளை நரம்பு' என்றால் குழப்பமே இல்லை.