இண்டக்‌ஷன் ஹீட்டருக்குத் தமிழ் 'காந்தச் சூடேற்றி'யா?

செம்புச் சுருளுக்குள் ஒரு போல்ட்டை நீட்டி, சற்று நேரத்தில் அதைச் செக்கச் செவேலென்று பழுக்க வைக்கும் காணொளிகள் இப்போது தமிழிலும் வருகின்றன. சந்தோஷம்தான். ஆனால் அந்தக் கருவிக்கு, அதாவது இண்டக்‌ஷன் ஹீட்டருக்கு, 'காந்தச் சூடேற்றி' என்ற சொல்லைப் போன வாரம் நான்காவது முறையாகக் கேட்டதும் பொறுக்கவில்லை.

இண்டக்‌ஷன் லத்தீன் வழி வந்தது. 'உள்ளே இட்டுச் செல்லுதல்' என்பது வேர்ப்பொருள். ஒரு சுருளில் மின்னோட்டம் மாறும்போது, அதைத் தொடாத இன்னொரு சுருளிலும் மின்னோட்டம் எழுவதை 1831-இல் ஃபாரடே கண்டார். நம் பாடநூல்கள் அதைத் 'தூண்டல்' என்றன. விளக்குத் திரியைத் தூண்டுகிறோமே, அதே சொல். சுடர் எரிவது திரியில், தூண்டுகோலில் இல்லை. இங்கேயும் சுருள் தூண்டுகோல், போல்ட் திரி. தன் வழியே ஓடும் மின்னோட்டத்தால் சுருளும் கொஞ்சம் சுடும். அதற்குத்தான் பெரிய கருவிகளில் செம்புக் குழாயையே சுருளாக்கி உள்ளே தண்ணீர் ஓட விடுகிறார்கள்.

'காந்தம்' என்பவர்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தானே இண்டக்‌ஷன் அடுப்பில் சூடாகிறது? சரி, ஒரு காந்தத்தை இரும்பில் ஒட்டி ஒரு வருஷம் வைத்திருங்கள். சூடாகுமா? மாறுகிற காந்தப்புலம் வேண்டும்; சுருளில் மாறிக்கொண்டே இருக்கும் மின்னோட்டம்தான் அதைத் தருகிறது. அது உலோகத்துக்குள் மின்னோட்டத்தைத் தூண்ட, உலோகத்தின் மின்தடையால் அந்த ஓட்டம் வெப்பமாகிறது. தங்கத்தில் காந்தம் ஒட்டாது. ஆனால் நகைத்தொழிலில் தங்கத்தை உருக்கச் சிறிய தூண்டல் உலைகள் இருக்கின்றன. செம்பும் பித்தளையும் அப்படியே உருகும். இவ்வளவு ஏன், அந்தக் காணொளியின் போல்ட்டையே பாருங்கள். சுமார் 770 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் இரும்பு காந்த இழுப்பை இழந்துவிடும். அதற்கப்புறமும் அது சூடாகிக்கொண்டேதான் போகிறது, வேகம் மட்டும் குறையும். புலம் மாறும்போது இரும்பின் காந்தத்தன்மை சற்றுப் பின்தங்கியே மாறுகிற காந்தத் தயக்கத்தால் எழும் வெப்பமும் இரும்பில் கொஞ்சம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் ஊறுகாயை வைத்துச் சாப்பாட்டுக்குப் பேர் வைப்பார்களா?

அலுமினியப் பாத்திரத்திலும் மின்னோட்டம் எழும். அதன் தடை குறைவு என்பதால் வழக்கமான அடுப்பின் அதிர்வெண்ணில் (மின்னோட்டம் நொடிக்கு எத்தனை முறை முன்னும் பின்னுமாக அலைகிறது என்ற கணக்கு) போதிய வெப்பம் வராது, அவ்வளவுதான். அதிர்வெண் கூடக்கூட ஓட்டம் மேற்பரப்பை ஒட்டி ஒதுங்கும்: செம்பில் 50 ஹெர்ட்ஸில் சுமார் 9 மில்லிமீட்டர் ஆழம், 100 கிலோஹெர்ட்ஸில் 0.2 மில்லிமீட்டர்தான். பல்சக்கரத்தின் பல்லை மட்டும் கடினமாக்க உயர்ந்த அதிர்வெண்ணும், பெரிய உலையில் டன் கணக்கில் உருக்கத் தாழ்ந்த அதிர்வெண்ணும் எடுப்பது இதனால்தான். 'காந்தம்' என்று பேர் வைத்துக்கொண்டு கருவி கட்ட உட்காருகிற பையனுக்கு இதில் எது புரியும்?

இன்னொரு கூத்து, 'உயர் சக்தி'. ஹை பவரைத்தான் இப்படி மொழிபெயர்க்கிறார்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் பவர் என்றால் திறன். இலங்கையில் வலு, அங்கே சக்தி என்பது எனர்ஜி. யாழ்ப்பாணத்து மாணவர் 'உயர் சக்தி'யைப் படித்தால் பவரின் அலகான கிலோவாட்டை நினைப்பாரா, எனர்ஜியின் அலகான 'ஜூல்' என்பதை நினைப்பாரா? 'உயர்திறன்' என்றாலோ கருவி சிக்கனமானது என்று தொனிக்கிறது. 'பெருந்திறன்' எனக்குச் சரியாகப் படுகிறது. மொழிபெயர்ப்பவர்கள் அகராதியைத் திறப்பதற்கு முன் ஒருமுறை பட்டறைக்குப் போய் வந்தால் தேவலை.

ஆகவே கருவிக்குத் தூண்டல் சூடேற்றி, உருக்குவதற்குத் தூண்டல் உலை, சமையலறையில் தூண்டல் அடுப்பு. வீட்டில் "இண்டக்‌ஷன்ல பாலை வை" என்கிறார்களே, அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அதில் பிழையான இயற்பியல் ஏதும் இல்லையே.