கொழுந்துக் கணக்கும் வசூல் கணக்கும்

மே மாதம் வந்தால் இலங்கை மலையகத்தில் எங்கள் தேயிலைத் தோட்டம் இருக்கிற ஹட்டன் பக்கம் மழை பிடித்துக்கொள்ளும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துத் தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவதுகூட கேட்காது. ஹாலிவுட்காரர்களுக்கோ அப்போதுதான் கோடை. ஆகஸ்ட் வரை பெரிய பணம் போட்ட படங்களாக இறக்கிக்கொண்டே இருப்பார்கள். எது ஓடும், எது படுக்கும் என்று முன்கூட்டியே சொல்ல முடியுமா? பாதி முடியும்.

முதல் வெள்ளி, சனி, ஞாயிறு வசூலைக் கணிப்பது அவ்வளவு கஷ்டமில்லை. அந்த மூன்று நாளும் போகிறவர்கள் ட்ரெய்லரையும் நடிகரையும் பார்த்து முன்பே முடிவெடுத்தவர்கள், அந்த ஆசை இணையத்தில் தடம் விட்டிருக்கும். 2010இல் சீதாராம் அசுர், பெர்னார்டோ ஹூபர்மன் என்ற ஆய்வாளர்கள் இருவரும் 24 படங்களைப் பற்றி வந்த சுமார் 29 லட்சம் ட்வீட்டுகளை அலசினார்கள். படம் வருவதற்கு முந்தைய வாரம் எவ்வளவு வேகமாக ட்வீட் விழுகிறது, எத்தனை தியேட்டரில் போடுகிறார்கள், இந்த இரண்டை வைத்தே முதல் வார இறுதி வசூல் கிட்டத்தட்ட பிடிபட்டது. புகழ்கிறார்களா திட்டுகிறார்களா என்பது படம் வந்த பிறகுதான் உதவியது. 2013இல் வேறு சிலர் 312 படங்களுக்கு, அவற்றின் விக்கிப்பீடியா பக்கங்களை எத்தனை பேர் பார்க்கிறார்கள், திருத்துகிறார்கள் என்பதை வைத்து, ஒரு மாதம் முன்பே இதையே செய்து பார்த்தார்கள். பெரிய படங்களுக்கு நன்றாகப் பொருந்தியது, சின்னப் படங்களுக்குச் சொதப்பியது. தேடுகிற ஆளே இல்லையென்றால் எதை எண்ணுவது?

சிக்கல் திங்கட்கிழமை தொடங்குகிறது. ஒருமுறை தலவாக்கலை பஸ்ஸில் முன் சீட்டுத் தம்பி, பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டான்: "என்னண்ணே, படம் எப்பிடி?"

"இன்டர்வெல்லுக்குப் பொறகு தூங்கிட்டேன்டா. சும்மா காச கரைக்காத."

அந்த இடத்திலேயே நாலைந்து டிக்கெட் போச்சு, என்னுடையதும் சேர்த்து. இந்தப் பேச்சு எந்தப் பக்கம் போகும் என்று படம் வருவதற்கு முன் அளக்க வழியில்லை. 2023 கோடையையே பாருங்கள். அமெரிக்கா, கனடாவில் 'பார்பி' முதல் மூன்று நாளில் சுமார் 16 கோடி டாலர் எடுத்தது, கடைசியில் அதைப்போல நான்கு மடங்கு அளவுக்கு, 63 கோடியைத் தாண்டியது. 'தி ஃப்ளாஷ்' ஐந்தரைக் கோடியில் தொடங்கி இரண்டு மடங்குகூட எட்டவில்லை.

எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை மழையைப் பார்த்தே நாளைக்கு எவ்வளவு தேயிலைக் கொழுந்து வரும் என்று ஏறக்குறையச் சொல்லிவிடுவார். ஒருவர் 15 கிலோ எடுப்பார், ஒருவர் 20, கைவேகமான அக்கா 30. யாரும் 3,000 கிலோ எடுப்பதில்லை, அதனால் சராசரியை நம்பலாம். சினிமாவில் அந்த 3,000 கிலோ அக்கா இருக்கிறார்! ஒருவர் சொல்லி இருவர், இருவர் சொல்லி நால்வர் என்று கூட்டம் பெருகுவதால் ஒரே படம் நூறு படத்தின் வசூலை அள்ளிவிடும், அது வந்ததும் போட்டு வைத்த சராசரி கவிழ்ந்துவிடும். ஆர்தர் டி வேனி, டேவிட் வால்ஸ் என்ற பொருளாதார ஆய்வாளர்கள் 1990களில் வசூல் புள்ளிவிவரங்களில் கண்டது இந்தக் கோணல் வடிவத்தைத்தான்.

பின்னால் வசூலை அள்ளிக் குவித்த 'ஸ்டார் வார்ஸ்'கூட 1977 மே 25 அன்று வெறும் 32 தியேட்டரில்தான் வந்தது. போடத் தயங்கிய தியேட்டர்காரர்களிடம், அவர்கள் ஆசைப்பட்ட இன்னொரு படம் வேண்டுமென்றால் இதையும் எடுக்கவேண்டும் என்று ஃபாக்ஸ் நிறுவனம் கட்டித் தள்ளியதாம். அந்த இன்னொரு படத்தின் பெயரை நான் தேடித்தான் கண்டுபிடித்தேன்.