அடிப்பக்கம் மின்னும் வளையம்: .22-250 கூடுகளில் கவனிக்க வேண்டியது

தெற்கு டகோட்டா, வயோமிங் புல்வெளிகளில் பிரெய்ரி நாய் (பெயரில்தான் நாய், அணில் குடும்பம்) வேட்டைக்குப் போகிறவர்களுக்கு .22-250 ரெமிங்டன் நன்கு பழகிய தோட்டா. ஒரே நாளில் நூற்றுக்கணக்கில் செலவாகும் என்பதால் சுட்டபின் மிஞ்சும் காலிப் பித்தளைக் கூடுகளை வீட்டிலேயே மறுபடி நிரப்பிக்கொள்கிறார்கள். பவுடரை நிறுப்பதில் இருக்கும் கவனம் கூட்டைப் பார்ப்பதில் இருப்பதில்லை. சதுர அங்குலத்துக்கு 65,000 பவுண்டு வரை எழும் அழுத்தம் பின்பக்கம் கசியாமல் அடைத்து நிற்பது அந்தப் பித்தளைதான்.

கூடு இரண்டாக அறுவதற்குப் பெரும்பாலும் காரணம் சைசிங் டையை (சுட்டு விரிந்த கூட்டைப் பழைய அளவுக்கு அமுக்கும் அச்சு) அளவுக்கு மீறி இறக்கி வைப்பது. தோள், அதாவது கூடு கழுத்துக்குக் குறுகும் சரிவு, தேவைக்கு மேல் பின்னால் போய்விடும். சுடும்போது ஃபயரிங் பின் (தோட்டாவின் அடியைக் குத்தும் ஊசி) கூட்டை முன்னால் தள்ளும். மெல்லிய முன்சுவர் சேம்பரை (துப்பாக்கியில் தோட்டா உட்காரும் அறை) கவ்விக்கொள்ளும். தடித்த அடிப்பகுதி மட்டும், சேம்பரைப் பின்னாலிருந்து அடைக்கும் போல்ட் வரை பின்வாங்கும். நடுவிலுள்ள பித்தளை இழுபட்டு மெலியும். இது ஒவ்வொரு சுடலிலும் நடக்கும். கடைசியில் அந்த இடம் விண்டு, சூடான வாயு முகத்தை நோக்கி வரலாம். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் சுடவே கூடாது.

அடியிலிருந்து சுமார் கால் அங்குலத்துக்கு மேலே மினுங்கும் வளையம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள். டை உரசிய கோடும் அப்படித்தான் மின்னும். பார்வையை மட்டும் நம்ப முடியாது. பேப்பர் கிளிப்பை நிமிர்த்தி, நுனியைச் சிறு கொக்கியாக மடக்கிக் கூர்தீட்டி, உள்சுவரை அடியிலிருந்து மேல்நோக்கி வருடுங்கள். பள்ளத்தில் கொக்கி தட்டினால் அந்தக் கூடு முடிந்தது. அதோடு சேர்ந்து அத்தனை முறை சுடப்பட்ட மற்றவற்றையும் கழித்துவிடுவதே சரி.

டையைச் சரிசெய்ய, உங்கள் துப்பாக்கியிலேயே சுட்ட கூட்டின் பிரைமரை (அடியில் பொருத்தியிருக்கும் தீமூட்டி) முதலில் எடுத்துவிடுங்கள். துருத்திய பிரைமர் அளவைக் கெடுக்கும். பிறகு கம்பேரட்டர் என்ற அளவுகருவியால் தோளின் இடத்தை அளந்து, 0.001 முதல் 0.002 அங்குலம் மட்டும் பின்னால் போகும்படி டையை நிறுத்துங்கள்.

நீளத்தை அளப்பது சைசிங்குக்குப் பிறகு, ஏனென்றால் சைசிங்கிலும் கூடு நீளும். உச்ச அளவு 1.912 அங்குலம், 1.902க்கு வெட்டிக்கொள்ளலாம். நீண்ட கழுத்து சேம்பர் முனையில் முட்டிக் குண்டை இறுக்கினால், பவுடர் அளவு மாறாமலே அழுத்தம் எகிறும்.

போல்ட் தூக்கக் கனமானாலோ, கூட்டின் அடியில் எஜெக்டரின் (காலிக் கூட்டை வெளியே தள்ளும் உறுப்பு) தடம் பளிச்சென்று பதிந்தாலோ, பிரைமர் தளர்ந்தாலோ அன்றைக்கு அத்தோடு நிறுத்துங்கள். மீதித் தோட்டாக்களை, குண்டைக் கழற்றும் கருவியான புல்லெட் புல்லரால் பிரித்துவிடலாம். கொதிக்கும் சேம்பரில் தோட்டாவை ஏற்றிவைத்துக் காத்திருக்காதீர்கள். பவுடர் சூடேறினாலும் அழுத்தம் கூடும்.